தலைகளுக்குப் பல் கறுப்பிட்ட பெண்கள்

என் அண்ணன் மகனுக்குப் பதின்மூன்று வயது. போன கோடை விடுமுறையில் வந்திருந்தவன், சாப்பிட உட்கார்ந்தபடியே கேட்டான்: "அத்தை, நைட்டும் சாமுராயும் நேருக்கு நேர் சண்டை போட்டா யார் ஜெயிப்பாங்க?" இரண்டு பேரும் அவன் கைப்பேசித் திரையில் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நின்றார்கள். ஒருவன் தலையிலிருந்து கால்வரை எஃகு. மற்றவன் கொம்பு வைத்த தலைக்கவசமும் வளைந்த வாளுமாக இருந்தான்.

"மழை பெய்யுதா? தரை சேறா? குதிரை இருக்கா?" என்று திருப்பிக் கேட்டேன்.

"சும்மா ஒரு பேரு சொல்லுங்க அத்தை" என்றான்.

நான் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கேள்வியைச் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்கிவிடவும் முடியவில்லை. பையன்கள் கேட்கும் இந்தக் கேள்வியைத்தான் பெரிய ஆண்கள் கனத்த புத்தகங்களில் வேறு சொற்களில் கேட்கிறார்கள். யார் சிறந்த வீரன், யாருடைய வீரத்தில் அறம் அதிகம், யாருடைய மானம் உயர்ந்தது என்று.

கருவிகளை வைத்து மட்டும் பேசினால் ஓரளவு பதில் உண்டு. 15ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவின் முழுத்தகட்டுக் கவசம் ஏறக்குறைய 20 முதல் 25 கிலோ எடை. எடை உடல் முழுவதும் பரவியிருப்பதால், அதை அணிந்தவன் ஓடலாம், விழுந்தால் எழலாம், தானே குதிரை ஏறலாம். கிரேன் வைத்துத் தூக்கினார்கள் என்பதெல்லாம் சினிமாக் கதை. கட்டானா எத்தனை கூர்மையானதாக இருந்தாலும் எஃகுத் தகட்டை வெட்டாது. ஆனால் சாமுராய் என்றதும் வாளை மட்டும் நினைப்பதும் தவறுதான். அவர்கள் முதலில் குதிரை மேல் இருந்து எய்யும் வில்லாளிகள். அவர்களுடைய கலைக்குப் பழைய பெயரே 'வில்லும் குதிரையும் சேர்ந்த வழி'. வாளுக்கு ஆன்மா என்று பெயர் வந்தது பிற்பாடு, போர்கள் ஓய்ந்த காலத்தில். நைட் தன் ஈட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, குதிரையின் முழு எடையையும் அதன் நுனியில் வைத்து எதிரி மேல் பாய்பவன். அவனுக்கு நெருக்கம் வேண்டும், வில்லாளிக்குத் தூரம் வேண்டும். ஆகவே களத்தின் நீளம்தான் பதில். நைட்டுகளின் காலம் முடியும் தறுவாயில், 1543இல், போர்ச்சுக்கீசியர் ஜப்பானின் தனேகஷிமா தீவில் கரையேறினார்கள். அவர்கள் கொண்டுவந்தது ஈட்டியல்ல, துப்பாக்கி.

இதெல்லாம் பையனுக்கு. எனக்கு இந்த இரண்டு வீரர்களுக்கும் இடையிலுள்ள உண்மையான வேறுபாடு சண்டை முடிந்த பிறகுதான் தெரிகிறது. தோற்றவனின் உடலை என்ன செய்வார்கள்?

நைட் தோற்றவனைப் பிடித்து விற்பான். சாமுராய் தோற்றவனின் தலையை எடுத்துக் கணக்கில் காட்டுவான்.

1356இல் புவாத்தியே போரில் பிரான்சின் அரசன் இரண்டாம் ழான் ஆங்கிலேயரிடம் சிறைப்பட்டான். அன்றிரவு விருந்தில் வென்ற இளவரசனே தோற்ற அரசனுக்குப் பணிந்து உணவு பரிமாறியதாக வரலாற்றெழுத்தர் ஃப்ரவாசார் நெகிழ்ந்து எழுதுகிறார். சிவல்ரி என்ற சொல்லுக்கு இதைவிட அழகான ஓவியம் கிடையாது. நான்கு ஆண்டுகள் கழித்து ஒப்பந்தம் கையெழுத்தானபோது அந்த அரசனின் விலை 30 லட்சம் தங்கக் காசு என்று எழுதப்பட்டது. அதைக் கட்டுவதற்காக உப்பின் மேல் வரி, மதுவின் மேல் வரி, சந்தைக்கு வரும் சரக்கின் மேல் வரி. பிராங்க் என்ற நாணயமே அந்த மீட்புத்தொகையை ஒட்டி அச்சிடப்பட்டதுதான். விருந்தைப் பற்றி எழுதியவர் பலர். உப்பு விலை ஏறிய அடுக்களைகளைப் பற்றி எழுத யாருக்கும் தோன்றவில்லை.

இன்னொரு கதை இதைவிட வெளிப்படையானது. பிரெஞ்சுத் தளபதி பெர்த்ரான் துகெக்ளான் 1367இல் சிறைப்பட்டபோது, உன் விலையை நீயே சொல் என்று அவரிடம் விட்டார்களாம். அவர் ஒரு லட்சம் தங்கக் காசு என்றாராம். அவ்வளவு பணத்துக்கு எங்கே போவாய் என்றதற்கு, பிரான்சில் நூல் நூற்கத் தெரிந்த ஒவ்வொரு பெண்ணும் எனக்காக நூற்று அதைச் சம்பாதித்துவிடுவாள் என்றாராம். அவரைப் பாடிய கவிஞர் இதை அவருடைய புகழாகச் சொல்கிறார். நடந்ததோ, புலவரின் கற்பனையோ, ஒரு வீரனின் விலை கடைசியில் எந்தக் கைகளில் போய் இறங்கும் என்பது அந்தக் காலத்துக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது.

நைட் தோற்றவனைக் கொல்லாமல் விடுவது கருணையால் அல்ல என்று நான் சொல்லவில்லை. கருணையும் இருந்திருக்கலாம். ஆனால் அந்தக் கருணை விலை உள்ளவனுக்கு மட்டுமே கிடைத்தது. வில்லாளியைப் பிடித்து யாரும் மீட்புத்தொகை கேட்கவில்லை, அங்கேயே வெட்டிப் போட்டார்கள். 1415இல் அஜின்கூர் களத்தில் ஐந்தாம் ஹென்றி கைதிகளைக் கொல்ல ஆணையிட்டபோது, அதைச் செய்ய அவனுடைய பிரபுக்கள் தயங்கினார்கள் என்றும், அதனால் வில்லாளிகளை ஏவினான் என்றும் எழுதியிருக்கிறார்கள். தயக்கத்தில் எத்தனை பங்கு மானம், எத்தனை பங்கு கைநழுவும் பணம் என்று பிரித்துச் சொல்ல முடியாது. அந்த ஒழுக்கத்தின் இயல்பே அப்படித்தான் என்று நினைக்கிறேன். மானமும் பணமும் ஒரே பையில் கிடந்தன.

சரி, பெண்களைக் காப்பது நைட்டின் கடமை என்றார்களே? அந்தக் கடமை நிறைவேறிய ஓர் இடத்தைப் பார்க்கலாம். 1358 கோடையில் பிரான்சின் உழவர்கள் பிரபுக்களுக்கு எதிராகக் கிளர்ந்தார்கள். மோ என்ற நகரத்தின் சந்தைக் கோட்டையில் சில நூறு உயர்குடிப் பெண்கள் அடைக்கலம் புகுந்திருந்தார்கள். பிரஷ்யாவில் சிலுவைப்போரை முடித்துக்கொண்டு இரண்டு பிரபுக்கள் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். ஃபுவா நாட்டுக் கோமான் கஸ்தோன் ஒருவர். காப்தால் த புயிஷ் மற்றவர். இவர் ஆங்கில அரசனின் பக்கம் நின்றவர், பிரான்சின் எதிரி. ஆபத்தில் இருக்கும் சீமாட்டிகளுக்காக அவர் பகையை மறந்து பிரெஞ்சுப் பிரபுக்களோடு சேர்ந்து சண்டையிட்டார். கிளர்ச்சியாளர்களைக் கும்பல் கும்பலாக வெட்டினார்கள், ஆற்றில் தள்ளினார்கள், பிறகு நகரத்துக்கே தீ வைத்தார்கள். அந்த நகரத்திலும் பெண்கள் இருந்தார்கள். அவர்கள் சீமாட்டிகள் அல்ல. சிவல்ரியின் அகராதியில் 'பெண்' என்பது ஒரு பாலினம் இல்லை, ஒரு வர்க்கம். 12ஆம் நூற்றாண்டில் காதல் இலக்கணம் வகுத்த ஆந்திரேயாஸ் என்ற பாதிரியார் சீமாட்டியை வணங்கிக் கெஞ்சும் முறையைப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, உழவர் வீட்டுப் பெண்மேல் ஆசை வந்தால் கொஞ்சம் வலுக்கட்டாயம் செய்தால் போதும் என்று சில வரிகளில் முடித்துவிடுகிறார். அதைக் கிண்டலாக எழுதினார் என்று சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. கிண்டலாகவே இருக்கட்டும். யாரைப் பற்றிக் கிண்டல் செய்ய முடிந்தது என்பதும் ஒரு தகவல்தானே.

இனி ஜப்பான். தலை எடுக்கும் வழக்கத்தைக் கேட்டதும் நமக்குக் குமட்டுகிறது. மீட்புத்தொகை நாகரிகமாகவும் இது காட்டுமிராண்டித்தனமாகவும் தோன்றுகிறது. ஆனால் இதுவும் கணக்கு வழக்குதான். யார் தலையைக் கொண்டுவருகிறாய் என்பதைப் பொறுத்துப் பரிசு, நிலம், பதவி. போர் முடிந்ததும் தலைவன் முன்னால் தலைகளை வரிசையாக வைத்து, பெயர்ச் சீட்டுக் கட்டி, ஒவ்வொன்றாகக் காட்டும் சடங்கு உண்டு. அதற்கு முன்னால் தலைகளைக் கழுவ வேண்டும், முடி வாரிக் கட்ட வேண்டும், இரத்தம் துடைக்க வேண்டும். அந்த வேலையைச் செய்தவர்கள் பெண்கள்.

இது எனக்கு எப்படித் தெரியும்? அப்படிச் செய்த ஒரு பெண் வாய் திறந்து சொன்னதால். ஓஆன் என்று அவரைக் குறிப்பிடுகிறார்கள். அது இயற்பெயர் அல்ல, துறவு பூண்ட மூதாட்டியை மரியாதையாக அழைக்கும் சொல். தகப்பன் பெயர் யமதா கியோரெகி என்று பதிவாகியிருக்கிறது, மகளின் பெயர் பதிவாகவில்லை. தகப்பன் இஷிதா மித்சுனாரியிடம் 300 கொக்கு அரிசி வருமானத்தில் பணிசெய்த சாமுராய். 1600இல், ஜப்பானின் தலையெழுத்தை முடிவு செய்த செகிகஹாரா போரின்போது, குடும்பத்தோடு ஒகாகி கோட்டைக்குள் இருந்தார்கள். வெளியே தொகுகாவா படை முற்றுகை.

அவர் சொன்ன கதையில் வாள்வீச்சு ஒன்றுகூட இல்லை. பெண்கள் எல்லோரும் கோட்டைக் கோபுரத்தில் கூடி ஈயத்தை உருக்கித் துப்பாக்கிக் குண்டு வார்த்தார்கள். பெரிய பீரங்கி வெடிக்கும்போது கோபுரம் குலுங்கும். மெல்லிய மனம் கொண்டவர்கள் மயங்கி விழுவார்கள். பிறகு அது பழகிவிட்டது. தங்கள் தரப்பு ஆண்கள் வெட்டிக் கொண்டுவந்த தலைகளைப் பெண்களிடம் கொடுத்து, பற்களுக்குக் கறுப்பு மை பூசச் சொன்னார்கள். அந்தக் காலத்தில் உயர்ந்த நிலையில் உள்ள ஆண்கள் பற்களைக் கறுப்பாக்கிக்கொள்வார்கள். கறுப்புப் பல் தலை என்றால் பெரிய மனிதனின் தலை, பரிசு அதிகம். வெள்ளைப் பல் தலை சாமானியனுடையது. ஆகவே சாமானியனின் பல்லைக் கறுப்பாக்கினால் போதும், செத்தவன் பெரிய மனிதனாகிவிடுவான்.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். போர்வீரனின் மானம் என்று உலகம் மெய்சிலிர்க்கும் அந்த ஒழுக்கத்தின் உள்ளறையில், செத்தவன் வாயைத் திறந்து பிடித்துக்கொண்டு பதின்வயதுப் பெண் ஒருத்தி கள்ளக்கணக்கு எழுத வைக்கப்படுகிறாள். அதைச் செய்யச் சொன்னவர்களுக்கு அது வெட்கமாகத் தோன்றவில்லை. அவளுக்கும் தோன்றவில்லை. தலைகளைக் கண்டு பயம் போய்விட்டது என்றும், இரத்தவாடை வீசும் அந்தத் தலைகளுக்கு நடுவில் படுத்துத் தூங்கினோம் என்றும் மட்டும்தான் சொல்கிறாள்.

ஒருநாள் வெளியிலிருந்து வந்த குண்டு அவளுடைய தம்பி மேல் பட்டது. வயது பதினான்கு. அவள் கண்ணெதிரே துடித்துச் செத்தான். கோட்டை விழப்போகும் நேரத்தில் தகப்பனுக்கு ஓர் அம்பில் கட்டிய கடிதம் வந்தது. ஒரு காலத்தில் அவர் தொகுகாவா இயெயசுவுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தவராம். அந்த நன்றிக்காக, தப்பிப் போனால் தடுக்க மாட்டோம் என்றது கடிதம். சுவரிலிருந்து கயிறு கட்டி இறங்கி, மரத்தொட்டியில் ஏறி அகழியைக் கடந்தார்கள். கொஞ்ச தூரம் போனதும் தாய்க்கு இடுப்புவலி. அங்கேயே பெண்குழந்தை பிறந்தது. வயல் தண்ணீரில் குழந்தையைக் கழுவித் துணியில் சுற்றிக்கொண்டு, தாயைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள்.

போரைப் பற்றி ஆண்கள் எழுதிய எத்தனையோ காவியங்களில் இந்தத் தொட்டி இல்லை. இந்த வயல் தண்ணீரும் இல்லை.

புஷிடோவையும் சிவல்ரியையும் அருகருகே வைத்து ஒப்பிடும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடினால் இன்னொரு வேடிக்கை. பழைய சாமுராய்களிடமிருந்தோ நைட்டுகளிடமிருந்தோ அது வரவில்லை. நித்தோபே இனாசோ என்ற கிறித்தவ அறிஞர் 1899இல் அமெரிக்காவில் இருந்தபடி ஆங்கிலத்தில் எழுதிய புஷிடோ நூல்தான் அதைப் பரப்பியது. எங்களுக்கும் ஒரு சிவல்ரி உண்டு என்று மேற்குக்குச் சொல்வது அதன் நோக்கம். ஏன் இப்படியெல்லாம் நினைக்கிறீர்கள் என்று அமெரிக்க மனைவி மேரி அடிக்கடி கேட்ட கேள்விகளும் தூண்டுதல் என்று முன்னுரையில் சொல்கிறார். அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் பிரான்சில் லியோன் கோத்தியே சிவல்ரிக்குப் பத்துக் கட்டளைகள் வகுத்தார். இன்றைக்கும் இடைக்காலச் சட்டம் என்று பகிரப்படும் அந்தப் பத்தும் 19ஆம் நூற்றாண்டுச் சரக்கு. சாவைத் தேடுவதே சாமுராயின் வழி என்று சொல்லும் ஹாககுரேவைச் சொல்லி எழுதவைத்த யமமோதோ த்சுனேதோமோ ஒரு போரிலும் சண்டையிட்டவர் அல்ல. சண்டை ஓய்ந்த பிறகே சண்டைக்காரனின் அறம் முழுமையாக எழுதப்படுகிறது. அப்போது தலைகளைக் கழுவியவர்கள் செத்துப் போயிருப்பார்கள்.

இங்கே ஒரு மறுப்பு எழும். எழ வேண்டும். விதியே இல்லாத வன்முறையைவிட, குறையுள்ள விதியாவது மேல் இல்லையா? 989இல் ஷாரூ என்ற ஊரில் கூடிய ஆயர்கள், ஏழை உழவரின் மாட்டையும் ஆட்டையும் கழுதையையும் கொள்ளையடிப்பவரைச் சபையிலிருந்து விலக்குவோம் என்று அறிவித்தார்கள். எத்தனை மாடு பிழைத்ததோ! ஆனால் அந்த அறிவிப்புக்குப் பின்னால் பறிகொடுத்தவர்களின் கூக்குரல் இருந்திருக்க வேண்டும். விதிகளைக் கேலி செய்வது பாதுகாப்பான இடத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு எளிது. இன்று போர் நடக்கும் நாடுகளில் இருக்கும் பெண்களைக் கேட்டால் ஜெனீவா ஒப்பந்தங்களைத் தூக்கி எறியச் சொல்ல மாட்டார்கள்.

இந்த மறுப்பை என்னைவிட நன்றாகச் சொன்ன ஒரு பெண் உண்டு. கிறிஸ்தீன் த பிசான். இருபத்தைந்து வயதில் கணவனை இழந்து, மூன்று குழந்தைகளையும் தாயையும் காப்பாற்றப் பேனாவைப் பிடித்தவர். 1410இல் அவர் போர்க்கலை பற்றி ஒரு முழு நூல் எழுதினார். ஆயுதங்களைப் பற்றிப் பெண் எழுதுவதா என்று கேட்பார்கள் என்று தெரிந்து, முன்னுரையிலேயே மினர்வா தெய்வத்தைத் துணைக்கு அழைத்துக்கொள்கிறார். முற்றுகை, பாசறை, ஆயுதம் எல்லாம் அதில் உண்டு. என்னை ஈர்ப்பது பின்பகுதியில் அவர் எழுப்பும் கேள்விகள்: போரில் பங்கெடுக்காத உழவனைச் சிறைப்பிடிக்கலாமா? பாரிசில் படிக்கும் ஆங்கில மாணவனைப் பிடிக்கலாமா? மனநிலை பிறழ்ந்தவனை, குழந்தையைப் பிடித்து மீட்புத்தொகை கேட்கலாமா? கைதியின் மனைவியும் பிள்ளைகளும் பிச்சையெடுக்கும்படியான தொகை கேட்பது தவறு என்கிறார். துகெக்ளான் பெருமையாகச் சொன்ன அதே கணக்கை மறுமுனையிலிருந்து பார்க்கும் கண் அது. கணவன் செத்த பிறகு கடன்காரர்களோடும் நீதிமன்றங்களோடும் வருடக்கணக்காக மல்லுக்கட்டியவருக்கு அந்த மனைவி கற்பனைப் பாத்திரம் அல்ல.

1488இல் பாரிசில் அந்த நூல் அச்சேறியபோது அவருடைய பெயர் நீக்கப்பட்டிருந்தது. ரோமானியப் போர்நூல் ஆசிரியர் வெஜீஷியஸின் பெயரில் அது வெளிவந்தது.

ஆகவே விதி வேண்டுமா வேண்டாமா என்பதல்ல என் சிக்கல். வீரனின் மானம் என்ற ஊற்றிலிருந்து பிறக்கும் விதி, வீரனுக்குச் சமமானவனைத் தாண்டிப் போகாது. அதைத் தாண்டிப் போனவை எல்லாம் வேறு இடங்களிலிருந்து வந்தவை. மாடு பறிகொடுத்தவர்களிடமிருந்து, கைதியின் மனைவியிடமிருந்து.

இப்படி எழுதிவிட்டு நிம்மதியாக இருக்க முடியவில்லை. நகானோ தகேகோ குறுக்கே வந்து நிற்கிறார். 1868இல் அய்சு நகரைப் புதிய அரசின் படை சூழ்ந்தபோது, சைகோ தனோமோ என்ற அதிகாரியின் வீட்டில் குழந்தைகள் உட்பட 21 பேர் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். மானமுள்ள குடும்பப் பெண்களிடம் எதிர்பார்க்கப்பட்டது அதுதான். இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த தகேகோ வேறு வழியைத் தேர்ந்தார். நீண்ட கம்பின் நுனியில் வளைந்த அலகு கொண்ட நகினாட்டாவை எடுத்துக்கொண்டு, தாயும் தங்கையும் வேறு சில பெண்களும் உடன்வர, துப்பாக்கி ஏந்திய படைமேல் பாய்ந்தார். படையில் பெண்களைச் சேர்க்க அதிகாரிகள் ஒப்பவில்லை, ஆகவே தாங்களாகவே ஒரு குழுவானார்கள். நெஞ்சில் குண்டு பாய்ந்தது. தன் தலை எதிரிக்குப் பரிசுப் பொருளாகக் கூடாது என்று, அதை வெட்டி எடுத்துப் போகும்படி தங்கை யூகோவிடம் கேட்டுக்கொண்டார். அந்தத் தலை ஹோகாய்ஜி கோயிலில் புதைக்கப்பட்டது.

பெண்ணியக் கூட்டங்களில் அவர் படம் போட்ட சட்டைகளைப் பார்த்திருக்கிறேன். எனக்கும் அவரைப் பிடிக்கும். இருபத்தொரு பேர் செத்த அந்த வீட்டுக்கும் அவருடைய பாய்ச்சலுக்கும் நடுவில் நிறுத்தி எதை எடுப்பாய் என்று கேட்டால், நகினாட்டாவைத்தான் எடுப்பேன். ஆனால் அவர் காத்ததும் ஒரு பிரபுவின் ஆட்சியைத்தான். தலைக்கு விலை உண்டு என்ற கணக்கை அவரும் நம்பினார், அதனால்தான் தன் தலையை ஒளித்தார். தங்கைக்கு அன்று பதினாறு வயது இருக்கும். அக்காவின் தலையோடு நடந்த அந்தப் பெண்ணின் படம் போட்ட சட்டை எங்கும் இல்லை.

இந்த முடிச்சை என்னால் அவிழ்க்க முடியவில்லை. வாள் நமக்கும் வேண்டும் என்று கேட்பதா, வாளைச் சுற்றி எழுந்த மதிப்பையே மறுப்பதா? உயிர் போகும் வேளையில் ஒருத்திக்கு இரண்டாவதைப் பரிந்துரைக்க எனக்கு உரிமை இல்லை. மற்ற நாட்களில் ஓஆனிடம் போய் உட்காரவே விரும்புகிறேன்.

அவர் எண்பது வயதைக் கடந்து வாழ்ந்தார், தோசா நாட்டில். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வந்து, பழைய கதை சொல்லுங்கள் என்று சூழ்ந்துகொள்வார்களாம். கோட்டைக் கதையோடு, சண்டைக்கு முந்திய ஹிகோனே நாட்களையும் சொல்வார். சாமுராய் வீடாக இருந்தும் காலையும் மாலையும் கஞ்சிதான். அண்ணன் துப்பாக்கியோடு வேட்டைக்குப் போகும் நாளில் மட்டும் கீரை போட்ட சோறு பொங்குவார்கள், தங்கைகளுக்கும் அதில் கொஞ்சம் கிடைக்கும். அதற்காகவே, வேட்டைக்குப் போ போ என்று அண்ணனை நச்சரிப்பார்களாம். பதின்மூன்று வயதில் தைத்த ஒற்றை ஆடையைப் பதினேழு வயதுவரை உடுத்தியதில் முழங்காலுக்குக் கீழே எல்லாம் தெரிய, கணுக்கால் மறைகிற மாதிரி ஓர் ஆடை கிடைக்காதா என்று ஏங்கினாராம். உங்களுக்கென்ன, இந்தக் காலத்துப் பிள்ளைகள் என்று அங்கலாய்ப்பார். கேட்டுக் கேட்டு அலுத்த பிள்ளைகள் அவருக்கு 'ஹிகோனேக் கிழவி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். வயதானவர்கள் பழங்கதையை இழுத்தால், அந்த ஊரில் 'ஹிகோனே பேசுகிறார்கள்' என்று சொல்லும் வழக்கமே உண்டாகிவிட்டதாம்.

அண்ணன் மகன் அடுத்த விடுமுறைக்கு வரும்போது இதைத்தான் சொல்லப் போகிறேன். அவனும் எனக்கு ஏதாவது ஒரு பெயர் வைப்பான்.